பள்ளி மூடினால் முதலில் இலக்கை எழுதுங்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் தொடக்கப்பள்ளி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. 2020 ஏப்ரல் 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, கொவிட்-19 தொற்றால் எல்லாப் பள்ளிகளும் ஏப்ரல் 8 முதல் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறும் என்று அறிவித்தார்கள். இடையில் இருந்தவை நான்கே நாட்கள். வாடகைக்கு எடுத்த மூவறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் கணவரின் அலுவலக மடிக்கணினியைத் தவிர வேறு கணினி இல்லை. மகளின் கடவுச்சொல் எழுதிய தாள் எந்தப் பையில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. அந்த ஏப்ரலில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை கருவியாலோ இணையத்தாலோ வந்தவை அல்ல. இந்தக் கற்றலால் என்ன நடக்க வேண்டும் என்று யோசிக்காமல் இறங்கியதால் வந்தவை. ஆகவே இந்த வழிகாட்டியில் சாதனம் மூன்றாம் படியில்தான் வருகிறது.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. 2021 மே மாதம் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அறிவித்து 19ஆம் தேதி புதன்கிழமையே வீட்டுக் கற்றல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடியும் வீட்டிலிருந்து படித்தார்கள். உயர்நிலைப்பள்ளியிலும் தொடக்கக்கல்லூரியிலும் இப்போது தொற்று இல்லாமலேயே மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்கும் நாட்களாக உள்ளன. மூன்று முதல் ஐந்து நாள் அவகாசத்தில் எல்லாம் தயாராக வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு, இன்றே செய்யக்கூடியவற்றை இன்றே செய்துவிடுங்கள்.

1. இலக்கை ஒரு தாளில் எழுதுங்கள்

முதல் வாரத்தில் நான் எழுதிய தாளில் எட்டுப் பாடவேளைகள் இருந்தன. காலை ஏழரைக்குத் தேசிய கீதத்தில் தொடங்கி, பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தேன். மகள் தவறாகப் போட்ட கணக்குகளை நானே அழித்துத் திருத்தச் சொல்லி, அழகான விடைத்தாள்களைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டாம் வாரம் வகுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்து, பாராட்டுவார் என்று காத்திருந்த என்னிடம் மிகப் பணிவாகக் கேட்டார்: "எட்டுப் பயிற்சியிலும் ஒரு தவறுகூட இல்லையே, மார்ச் மாதம் கழித்தலில் தடுமாறிக்கொண்டிருந்தாள், இவற்றைச் செய்தது யார்?" அவருக்குத் தேவைப்பட்டவை அந்தத் தவறுகள்தாம். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறாள் என்பதை வகுப்பறையில் நேரில் பார்க்கும் ஆசிரியருக்கு, பள்ளி மூடியபின் அதைக் காட்டக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான். அதை நான் துடைத்துச் சுத்தமாக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் எழுதிய தாளில் நான்கு வரிகள் மட்டுமே இருந்தன. பிள்ளை நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே இடத்தில் உட்கார வேண்டும். ஆசிரியர் கொடுத்த வேலையைத் தானே செய்து, தவறோடேயே குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். புரியாத ஒன்றையாவது ஆசிரியரிடம் தன் வாயாலோ தன் எழுத்தாலோ கேட்க வேண்டும். நாளில் இருபது நிமிடம் சத்தமாக வாசிக்க வேண்டும். புதிய பாடங்களைக் கற்று முடிப்பது என் தாளில் இல்லை, ஏனெனில் அது ஆசிரியரின் பொறுப்பு. பள்ளி திறந்தபின் மீண்டும் நடத்த அவரால் முடியும், ஆனால் விடுபட்டுப்போன பழக்கத்தை அவரால் ஒரு வாரத்தில் மீட்டுத்தர இயலாது.

இலக்கு வயதுக்கு ஏற்ப மாற வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் மேலே சொன்ன நான்கு போதும். மூன்றாம் வகுப்பு முதல், அன்றைய வேலைகளின் பட்டியலைப் பிள்ளையே பார்த்து வரிசைப்படுத்துவதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். உயர்நிலைப்பள்ளியின் வழக்கமான வீட்டுக் கற்றல் நாட்களுக்குக் கல்வி அமைச்சு சொல்லும் நோக்கமே, மாணவர் தம் கற்றலைத் தாமே நடத்தப் பழக வேண்டும் என்பதுதான். அந்த நாட்களில் மாணவர் தமக்கு விருப்பமான ஒன்றைத் தாமே தேடிக் கற்கவும் நேரம் ஒதுக்கப்படுகிறது. "இன்று பள்ளி இல்லையே" என்று அந்த நேரத்தில் துணைப்பாட வகுப்பை வைத்துவிடும் பெற்றோர் பலர். நானும் ஒருமுறை வைத்தேன், பிறகு விலக்கிக்கொண்டேன்.

கவனிக்க வேண்டிய பொறி: பள்ளி மூடும் செய்தி வந்ததும் புத்தகக் கடைக்கு ஓடி அசெஸ்மென்ட் எனப்படும் பயிற்சிப் புத்தகங்களை அள்ளி வருவது. நான் அறுபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியவற்றில் பாதிக்கு மேல் பிரிக்கப்படாமலேயே அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் போயின.

2. கணக்குகளையும் ஆவணங்களையும் இப்போதே சரிபாருங்கள்

பள்ளியின் அறிவிப்புகள் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் வருகின்றன. அதில் நுழையப் பெற்றோரின் சிங்பாஸ், அதாவது அரசாங்கச் சேவைகளுக்கான மின்னியல் அடையாளக் கணக்கு, வேண்டும். வேலை அனுமதி வைத்திருப்பவரும் சார்ந்தோர் அட்டை வைத்திருப்பவரும் தங்கள் அடையாள எண்ணைக் கொண்டு சிங்பாஸ் பெறலாம். கணவர் ஒருவர் பெற்றால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்: பகலில் பிள்ளையுடன் இருப்பவரின் கைப்பேசியில் அந்தச் செயலி இருக்க வேண்டும். பதிவு சில நாள் தள்ளிப்போகலாம் என்பதால், பள்ளி மூடப்போகிறது என்ற செய்தி வந்தபின் தொடங்குவது தாமதம்தான்.

எங்களுக்கு நிரந்தரவாசம் கிடைத்தபோது அடையாள எண் மாறியது. அதைப் பள்ளி அலுவலகத்தில் தெரிவிக்க மறந்துவிட்டேன். அடுத்த சில வாரங்கள் செயலியில் என் மகளின் பெயரே இல்லை. எண் மாறினால், முகவரி மாறினால், கைப்பேசி எண் மாறினால், மூன்றையும் உடனே அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள்.

பிள்ளைக்கு வேண்டிய கணக்கு தனி. பாடங்கள் பெரும்பாலும் 2018 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பயன்படும் மாணவர் கற்றல் தளத்தில், அதாவது பிள்ளைகள் எஸ்எல்எஸ் என்று சொல்லும் தளத்தில் இருக்கும். நேரலை வகுப்புகள் ஜூமிலோ கூகள் மீட்டிலோ நடக்கும். பள்ளி தரும் மிம்ஸ் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் இவற்றுக்கான சாவி. அவற்றைக் கையால் ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் மேசைக்கு மேலே அல்லாமல் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நேரலை வகுப்பின் காமிராவில் தெரிகிற இடத்தில் நான் ஒட்டியிருந்ததை ஆசிரியர்தான் சுட்டிக்காட்டினார். கடவுச்சொல் தொலைந்தால் வகுப்பாசிரியரிடமே கேளுங்கள். பள்ளி மூடிய முதல் நாள் காலை எட்டு மணிக்கு எல்லாப் பெற்றோரும் இதையேதான் கேட்பார்கள் என்பதால், முந்தைய வாரமே ஒருமுறை வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து பார்த்துவிடுவது நல்லது.

நேரலை வகுப்பின் இணைப்பை எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். 2020 ஏப்ரலில் வெளியாட்கள் ஒரு வகுப்பின் நேரலைக்குள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டியதை அடுத்து, ஆசிரியர்கள் ஜூமைப் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு சில நாட்கள் நிறுத்திவைத்தது. பிள்ளை தன் பள்ளிப் பெயரோடு நுழைய வேண்டும். "அம்மாவின் ஐபோன்" என்ற பெயரில் வருபவரை ஆசிரியர் உள்ளே விடமாட்டார்.

3. சாதனம், இணையம், செலவு

கைப்பேசியில் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வாசிப்புப் பகுதியும் கேள்வியும் அந்தச் சிறு திரையில் ஒன்றாகத் தெரியாததால், பிள்ளை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே நேரத்தைக் கழிக்கும். இன்னொரு தொல்லையும் எங்கள் வீட்டில் இருந்தது. தஞ்சாவூரில் இருக்கும் என் மாமனார் காலையில் காப்பி குடித்துவிட்டு ஏழு மணிக்குப் பேத்தியை அழைப்பார். இங்கே அப்போது ஒன்பதரை, ஆங்கில நேரலையின் நடுப்பகுதி. பாடம் நடக்கும் கருவி தாத்தா அழைக்கும் கருவியாக இருக்கக் கூடாது.

சொந்தமாக வாங்கும் முன் பள்ளியிடம் கேளுங்கள். 2020இல் பள்ளிகள் கணினியும் இணையக் கருவியும் இல்லாத பிள்ளைகளுக்கு அவற்றை இரவல் கொடுத்தன. கேட்பதற்குத் தயங்கிய நான் நானூற்று இருபது வெள்ளிக்கு ஒரு கைக்கணினி வாங்கினேன். பிறகுதான் எங்கள் மாடியிலேயே இரண்டு குடும்பங்கள் இரவல் பெற்றிருப்பது தெரிந்தது. குறைந்த வருமானமுள்ள குடும்பத்தில் சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவராவது இருந்தால், கணினிக்கும் அகண்ட அலைவரிசை இணைப்புக்கும் சலுகை தரும் அரசாங்கத் திட்டம் உண்டு. விண்ணப்பத்தில் வீட்டிலுள்ள எல்லாருடைய வருமானச் சான்றும் கேட்கப்படலாம் என்பதால், சம்பளச் சீட்டுகளைக் கோப்பில் சேர்த்து வைத்திருங்கள்.

உயர்நிலைப்பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கற்றல் கருவி இருக்க வேண்டும். குடிமக்களாக இருக்கும் பிள்ளைகள் எடுசேவ் கணக்கிலிருந்து அதற்குச் செலுத்தலாம். அந்தக் கணக்குக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் தொடக்கப்பள்ளி மாணவருக்கு 230 வெள்ளியும் உயர்நிலைப்பள்ளி மாணவருக்கு 290 வெள்ளியும் போடுகிறது. நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டவருக்கும் எடுசேவ் கிடையாது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஆறாம் வகுப்பின் கடைசி மாதங்களிலேயே இந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள், ஏனெனில் அதே நேரத்தில் சீருடையும் புத்தகமும் சேர்ந்து வரும்.

அந்தக் கருவியில் பள்ளியின் கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்கும். பள்ளி நேரத்துக்குப் பிறகு அது எப்படி இயங்க வேண்டும் என்று பெற்றோரிடம் படிவம் வழியாகக் கேட்பார்கள். வாசிக்காமல் ஒப்புதல் தந்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் இத்தகைய மென்பொருள் ஒன்று இணைய ஊடுருவலுக்கு உள்ளாகி, 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. குறிப்புகளைக் கருவியில் மட்டும் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய அடி. பள்ளி தரும் இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அச்சுப்பொறி வாங்க வேண்டாம். தொடக்கப்பள்ளிகள் பயிற்சித்தாள்களைக் கட்டாகவே கொடுத்தனுப்பும். மற்றவற்றைத் திரையில் பார்த்து நோட்டில் எழுதலாம். ஒலிவாங்கியுடன் கூடிய காதொலிக் கருவிக்கு மட்டும் இருபது, முப்பது வெள்ளி செலவிடுங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் வீட்டில் அதைவிடப் பயனுள்ள பொருள் கிடையாது.

4. தமிழ்ப் பாடத்துக்குத் தனி ஏற்பாடு

புதிய பெற்றோர் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். உங்கள் பிள்ளையின் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாமல், அவர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளியிலுள்ள தமிழ் வகுப்புக்கோ செல்பவராக இருந்தால், தமிழாசிரியரின் அறிவிப்பு வகுப்பாசிரியர் வழியாக வராமல் போகக்கூடும். தமிழாசிரியரைத் தனியே தொடர்புகொள்ளும் வழியைப் பள்ளி நடக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மகளின் தோழி ஒருத்தி இரண்டு வாரத் தமிழ் வேலையைச் செய்யாமலே இருந்தாள். அவளுக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது.

அடுத்தது விசைப்பலகை. ஐபேடிலும் விண்டோஸ் கணினியிலும் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் போதும். எதைப் பழக வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் நிறுவுங்கள். வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாகப் பழகினால் பிள்ளையின் விரல் குழம்பும்.

தாத்தாவின் அழைப்பை நான் நிறுத்தவில்லை, இங்கே பிற்பகல் நான்கு மணிக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் மகள் ஒரு பக்கம் தமிழ் வாசித்துக்காட்டுவாள், தாத்தா அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழிப் பகுதியில் வாசிப்பும் உரையாடலும்தான் இருக்கின்றன. அந்தத் தேர்வுக்கு அவள் செய்த பயிற்சியில் கூடுதல் பாட நிலையங்களால் தர இயலாதது இதுவே என்பது என் எண்ணம். வாசிக்கப் புத்தகம் வேண்டுமென்றால் தேசிய நூலகத்தின் செயலியில் தமிழ் மின்நூல்களும் கிடைக்கின்றன.

5. ஒரு நாளின் படிப்பை நான்கு மணி நேரத்துக்குள் அடக்குங்கள்

2020இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்த அளவு நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரக் கற்றல், அதில் திரையில் இரண்டு மணி நேரம். உயர்நிலைப்பள்ளிக்கு ஐந்தும் மூன்றும். இந்த அளவைக் கண்டு "இவ்வளவுதானா" என்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஒரு பிள்ளையை ஒரே மேசையில் தனியாக உட்கார வைத்துப் பெறும் நான்கு மணி நேரம், நாற்பது பேருடன் கழியும் ஆறு மணி நேரத்தைவிடக் கனமானது. எட்டரைக்குத் தொடங்கி, பத்தரைக்கு அரை மணி நேரம் உணவுக்கும் ஓட்டத்துக்கும் விட்டு, ஒரு மணிக்கு மூடிவிடுங்கள். ஆசிரியர் குறித்த நேரலை நேரங்களை முதலில் எழுதி, மற்றதை அவற்றைச் சுற்றி நிரப்புங்கள். பாடத்துக்கு வெளியே ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. வீட்டிலேயே இருக்கும் நாட்களில் இதைக் காப்பது கடினம், ஆகவே பிற்பகலில் எந்தச் சாதனமும் மேசையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஆசிரியருக்கு எழுதும்போது

"என் பிள்ளைக்கு எதுவும் புரியவில்லை" என்று எழுதினால் அவரால் உதவ முடியாது. எந்தப் பாடம், எந்தப் பயிற்சி, எந்தக் கேள்வி என்பதோடு பிள்ளை போட்ட விடையின் படத்தையும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புங்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் பிள்ளையே எழுதட்டும், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை பேச்சைக் குறைத்து ஒதுங்குவதாகத் தெரிந்தால் அதையும் ஆசிரியரிடம் சொல்லலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாமே அழைத்துப் பேசக்கூடிய டிங்கிள் ஃபிரெண்ட் உதவி எண் 1800-2744-788.

7. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில்

2020இலும் 2021இலும் பள்ளிக் கட்டடங்கள் முழுவதும் பூட்டப்படவில்லை. அத்தியாவசியச் சேவைகளில் பணியாற்றி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத பெற்றோர், பள்ளியிடம் கேட்டுப் பிள்ளையை அங்கேயே விட முடிந்தது. அறிவிப்பு வந்த அன்றே கேளுங்கள். முதலாளியிடமிருந்து ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும்.

விடுப்பை நம்பித் திட்டமிடுவோர் விதியை முதலில் படிக்க வேண்டும். பிள்ளை குடிமகனாக இருந்து ஏழு வயதுக்குள் இருந்தால், தகுதியுள்ள ஒவ்வொரு பெற்றோருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் கூடிய பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை இரண்டு நாள் மட்டுமே. பிள்ளை குடிமகன் அல்லாதவராக இருந்தால் ஏழு வயதுக்குள் இரண்டு நாள், அதன்பின் சட்டப்படி எதுவும் இல்லை. முதலாளியிடம் குறைந்தது மூன்று மாதம் பணியாற்றியிருக்கவும் வேண்டும். நம்மைப் போன்று புதிதாக வந்தவர்களில் பலர் பிள்ளை குடிமகன் அல்லாத வகையில்தான் இருக்கிறோம். ஆண்டு விடுப்பில் மூன்று நாளையாவது இதற்கென்று தொடாமல் வையுங்கள்.

8. பயணச்சீட்டும் மீண்டும் திறக்கும் நாளும்

பள்ளி விடுமுறைத் தேதி நிலையானது என்று எண்ணி ஊருக்குப் போகச் சீட்டெடுப்பவர்கள், தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். 2020இல் ஜூன் விடுமுறை முன்னே இழுக்கப்பட்டு மே 5 முதல் ஜூன் 1 வரை என்றானது.

திறப்பதும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஜூன் 2 முதல் ஆறாம் வகுப்பும் உயர்நிலைப்பள்ளியின் இறுதியாண்டுகளும் தினமும் சென்றன. மற்ற வகுப்புகள் ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீடு என்று மாறிமாறிச் சென்று, ஜூன் 29இல்தான் எல்லாரும் முழுமையாகத் திரும்பினார்கள். முதல் வாரம் பள்ளி சென்று வந்ததும் நான் இரவல் மேசையைத் திருப்பிக் கொடுத்து, கைக்கணினியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதன் மின்னூட்டக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளி முழுமையாகத் திறந்து ஒரு மாதம் ஆகும்வரை மேசையைக் கலைக்காதீர்கள். பிள்ளை வீட்டில் எழுதிய தாள்களைத் திருத்தாமல், பாட வாரியாக அடுக்கி, திறக்கும் முதல் நாளே பையில் போட்டு அனுப்புங்கள்.